பூத்துறை செம்மண்ணும் பாரிஸ் மதிப்பெண்ணும்

விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். குன்றின் மேல் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், வரலாற்றுக்கும் முந்தையவை என்று ஆய்வாளர்கள் சொல்லும் பாறைக் கீறல்கள். 1760இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டையும் இங்கேதான் இருந்தது. இவ்வளவையும் சுமக்கும் குன்றைச் சுற்றிக் கல் குவாரிகள் வந்துவிட்டதால், தொல்லியல் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கவலையோடு எழுதிவருகிறார்கள்.

குவாரியை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு லாரியிலும் நடைச்சீட்டு இருக்க வேண்டும். எந்தக் குவாரி, எத்தனை யூனிட், எந்த ஊருக்கு, எந்த நேரம் என்று அதில் எழுதியிருக்கும். அரசுக்குச் சேரவேண்டிய தொகை அந்தச் சீட்டின் கணக்கில்தான் வருகிறது. ஒரே சீட்டில் நாலு நடை ஓடினால் மூன்று நடைக்கான காசு எந்தக் கணக்கிலும் ஏறாது. சீட்டில் எழுதியது மூன்று யூனிட், ஏற்றியது ஆறு என்றால் மிச்சம் மூன்றும் அப்படியே. தமிழ்நாட்டில் எங்கே கனிமக் கொள்ளைப் புகார் எழுந்தாலும் இந்த இரண்டும் அதில் இருக்கும். கறுப்புப் பணம் என்றதும் சுவிட்சர்லாந்தையும் பனாமாவையும் நினைத்துப் பழகிவிட்டோம். அது பிறக்கிற இடம் நம் தாலுகாவுக்குள், ஒரு லாரியின் முன்கண்ணாடியில் செருகிய காகிதத்தில் இருக்கிறது.

வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்துப் பூத்துறை கிராமத்தின் செம்மண் குவாரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-11 திமுக ஆட்சியில் கனிம வளத்தையும் கையில் வைத்திருந்தவர் அமைச்சர் க.பொன்முடி; செம்மண் எடுக்க உரிமம் பெற்றவர்களில் ஒருவர் அவருடைய மகன் கௌதம சிகாமணி. அனுமதித்த அளவை மீறி 2,64,644 லோடு செம்மண் அள்ளப்பட்டது, அரசுக்கு 28.36 கோடி ரூபாய் இழப்பு என்று 2012இல் விழுப்புரம் மாவட்டக் குற்றப்பிரிவு போலீஸ் வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பிடித்துக்கொண்டுதான் 2023 ஜூலை 17 அன்று அமலாக்கத் துறை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. 81.7 லட்சம் ரூபாய் ரொக்கமும், சுமார் 13 லட்சம் மதிப்புள்ள வெளிநாட்டுப் பணமும் கைப்பற்றியதாகவும், 41.9 கோடி ரூபாய் வைப்புத்தொகையை முடக்கியதாகவும் அறிவித்தது. மறு ஆண்டு 14.21 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது.

அந்த அறிவிப்பில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. பூத்துறை மண்ணில் கிடைத்த பணம் ஹவாலா வழியாக வெளியே போய், இந்தோனேசியாவில் ஒரு நிறுவனத்தையும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு நிறுவனத்தையும் வாங்கப் பயன்பட்டது என்கிறது அமலாக்கத் துறை. 2008இல் 41.57 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இந்தோனேசிய நிறுவனம் 2022இல் சுமார் 100 கோடிக்கு விற்கப்பட்டதாம். இவை குற்றச்சாட்டுகள்; தீர்ப்பு சொல்லவேண்டியது நீதிமன்றம். குற்றச்சாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுகளை மட்டும் பாருங்கள். நிறுவனம் வாங்கியது 2008. போலீஸ் வழக்கு 2012. நிறுவனத்தை விற்றது 2022. சோதனை 2023. அமலாக்கத் துறை சொல்வது உண்மையானால், பணம் கடல் கடந்து போய் வளர்ந்து விலைபோன பிறகுதான் சட்டம் வாசலுக்கு வந்திருக்கிறது. அது பொய்யானால், ஒரு குடும்பத்தின் மீது இத்தனை ஆண்டுகள் பழி தொங்கியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் தாமதமே பெரிய தவறு.

அதே நேரத்தில் விழுப்புரம் நீதிமன்றத்தில் மூல வழக்கின் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்சாட்சிகளாக மாறிக்கொண்டிருந்தார்கள். இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

பாரிஸ் கொடுத்த மதிப்பெண்

1989இல் ஜி7 நாடுகள் பாரிஸில் கூடியபோது உருவானது நிதி நடவடிக்கைப் பணிக்குழு. செய்திகளில் எஃப்ஏடிஎஃப் என்று வருவது இதுதான். போதைப்பொருள் பணத்தைத் தடுக்கத் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பயங்கரவாத நிதியும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. அதற்கு ராணுவமோ நீதிமன்றமோ கிடையாது. ஒரு நாட்டைச் சாம்பல் பட்டியலில் போட்டால் போதும், உலக நாடுகளின் வங்கிகள் அந்த நாட்டோடு பணம் கொடுத்து வாங்கத் தயங்கும். 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை பாகிஸ்தான் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இந்தியா இதில் உறுப்பினரானது 2010 ஜூனில். அதற்கு முன்பே சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், சுருக்கமாகப் பிஎம்எல்ஏ, 2002இல் இயற்றப்பட்டு 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நிதிப் புலனாய்வுப் பிரிவு 2004 நவம்பரில் அமைந்தது. வங்கியில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் புழங்கினால் அந்தப் பிரிவுக்குத் தகவல் போகும். சந்தேகம் தட்டினால் தொகை எவ்வளவு சின்னதானாலும் போகும்.

2023 நவம்பரில் பாரிஸிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. 2024 செப்டம்பர் 19 அன்று அறிக்கை வெளியானது. 40 பரிந்துரைகளில் 37இல் இந்தியா முழுமையாகவோ பெருமளவுக்கோ தேறியிருந்தது. வழக்கமான கண்காணிப்பு என்ற மேல்வரிசையில் இடம் கிடைத்தது. பெருமைப்பட வேண்டியதுதான், கோடிக்கணக்கான வங்கிக் கணக்குகள், ஆதார், யுபிஐ என்று நாம் எழுப்பிய கட்டமைப்புக்கு அது நியாயமான பாராட்டு.

ஆனால் அதே அறிக்கை, சட்டம் எழுதியதற்கு நிறைய மதிப்பெண்ணும், வழக்கை முடித்ததற்குக் குறைந்த மதிப்பெண்ணும் போட்டிருக்கிறது. விசாரணைகள் முடியாமல் தேங்குகின்றன, தண்டனைகள் குறைவு என்கிறது. நகைக்கடைகளைப் பற்றியும் சொல்கிறது: நாட்டில் சுமார் 1,75,000 தங்க, வைர வணிகர்கள் இருக்க, நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவில் பதிவு செய்தவர்கள் சுமார் 9,500 பேர்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் எந்த மாவட்டத் தலைநகரின் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதென்று புரியும்.

நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு இன்னும் வெளிப்படை. 2014 முதல் 2024 வரையான பத்தாண்டுகளில் பிஎம்எல்ஏ வழக்குகள் 5,297. தண்டனை கிடைத்தவை 40. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அமலாக்கத் துறையிடம், வழக்கின் தரத்தில் கவனம் செலுத்துங்கள் என்றது. அரசியல்வாதிகள் மீதான வழக்குகள் மட்டும் பத்தாண்டில் 193. தண்டனை இரண்டில் மட்டுமே. இதையும் 2025 மார்ச்சில் அரசுதான் மாநிலங்களவையில் சொன்னது.

மண் திருட்டு பட்டியலில் இல்லை

ஏன் முடியவில்லை? காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பணப் பரிமாற்றக் குற்றம் தனித்து நிற்காது; அதற்குக் கீழே ஒரு மூலக் குற்றம் வேண்டும். அந்த மூலக் குற்றம் சட்டத்தின் அட்டவணையில் இருக்க வேண்டும். 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமலாக்கத் துறையின் அதிகாரங்கள் அத்தனையையும் உறுதி செய்தது. அதே தீர்ப்பில், மூலக் குற்றத்தில் ஒருவர் விடுதலையானால் பணப் பரிமாற்ற வழக்கும் நிற்காது என்றும் சொன்னது. விழுப்புரத்தில் ஒரு சாட்சி பிறழ்ந்தால் சென்னையில் ஒரு வழக்கு ஆட்டம் காண்பது இதனால்தான். கூண்டில் ஏறுபவர் கிராம நிர்வாக அலுவலராக இருக்கலாம், கனிமவளத் துறை ஊழியராக இருக்கலாம். அவருக்குப் பாதுகாப்பும் துணிவும் இல்லாதபோது டெல்லியில் எவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பயனில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. மண் திருட்டு, மணல் திருட்டு ஆகியவற்றுக்கான சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அந்த அட்டவணையில் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவான சாதாரணத் திருட்டும் இல்லை. மோசடி இருக்கிறது, லஞ்சம் இருக்கிறது. அதனால் ஒரு தாலுகா காவல் நிலையத்தில் எழுத்தர் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவைப் போடுகிறார் என்பதைப் பொறுத்தே கோடிகளின் தலைவிதி முடிவாகிறது.

ஆற்று மணல் வழக்கில் இதைக் கண்ணால் கண்டோம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டின் மணல் ஒப்பந்ததாரர்கள் இடங்களில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. ஐஐடி கான்பூர் குழுவைக் கொண்டு குவாரிகளை அளந்து, 4,730 கோடி ரூபாய் மணல் அள்ளியிருக்கிறார்கள், அரசுக்கு வந்ததோ 36.45 கோடி என்றது. திருச்சி, தஞ்சாவூர், கரூர், வேலூர், அரியலூர் ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது. மாநில அரசு எதிர்த்தது. உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து, ஆட்சியர்கள் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்றது. இத்தனை போராட்டத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டவிரோத மணல் அள்ளுதல் அட்டவணைக் குற்றம் இல்லை என்பது அதன் முக்கியமான காரணம்.

காவிரியும் பாலாறும் சுரண்டப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை. மத்திய அரசின் துறை எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்தைக் குறிவைக்கிறது என்பது மாநிலத்தின் வாதம்; அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2025 மே 22 அன்று மாநில அரசின் மதுபான நிறுவனமான டாஸ்மாக் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே அமலாக்கத் துறை விசாரணைக்குத் தடை போட்டு, கூட்டாட்சி அமைப்பை நினைவூட்டியது. ஆனால் மத்தியும் மாநிலமும் அதிகாரத்துக்கு மோதிக்கொண்டிருக்கும்போது ஆறு இரண்டு பேர் கணக்கிலும் இல்லாமல் போகிறது. இந்த வழக்குகளில் மண்ணுக்கும் மணலுக்கும் வக்கீல் இல்லை.

முன்னாள் போக்குவரத்துத் துறை அமைச்சர் செந்தில் பாலாஜி வழக்கில் கடுமையும் தாமதமும் ஒருசேர நின்றன. போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லப்படும் காலம் 2011-15. கைது 2023 ஜூன் 14. ஜாமீன் 2024 செப்டம்பர் 26. நடுவில் 471 நாள் சிறை. மூல வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். இத்தனை பேரை விசாரித்து எப்போது முடிப்பது? ஜாமீன் நிபந்தனையும் கடுமையாக இருந்து விசாரணையும் இழுத்தடிக்கப்பட்டால் இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். விசாரணையே தண்டனையாகிவிடுகிறது என்று வழக்கறிஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலைக்காகத் தாலி அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களுக்கும் தீர்ப்பு கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு அதைவிடப் பெரிது.

உப்பளத்துக் கணக்குகள்

பெருமுக்கல்லிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். பாத்தி பாத்தியாக உப்பளம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வாருவது நின்றுவிடும். அடுத்த கோடைவரை வருமானம் குறைவு. அந்த மாதங்களில் நூறுநாள் வேலைக் கூலி, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என்று எது வந்தாலும் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. பிஎம்எல்ஏ சட்டம் இந்த மக்களைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று. கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி ஆவணம் கேட்டுச் சரிபார்ப்பது.

முழு ஆவணம் இல்லாமல் தொடங்கும் சிறு கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது. மாதம் 10,000க்கு மேல் எடுக்கக் கூடாது. ஏழைக்கும் கணக்கு வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி இது. முழுக் கணக்கானாலும் கேஒய்சியைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு எழுத்து, தேய்ந்துபோன கைரேகை என்று ஏதாவது ஒன்றில் கணக்கு நின்றுவிடும். உப்பிலேயே கிடக்கும் விரலில் ரேகை எங்கே தங்கும்? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நிற்க வேண்டும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஊருக்கு வரும் வங்கி முகவர் மூலமாகவே இதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது. எல்லா ஊருக்கும் அது உடனே போய்ச் சேர வேண்டும்.

புதிய ஆபத்து இணைய மோசடி. ஏமாற்றிப் பறித்த பணத்தை ஒரே கணக்கில் வைக்க மாட்டார்கள். நிமிடத்துக்குள் பத்துப் பதினைந்து கணக்குகளுக்குச் சிதறடிப்பார்கள். அதற்கு வாடகைக்குக் கணக்குகள் தேவை. பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன் என்று வருபவரிடம் வேலையில்லாத மாதத்தில் இல்லை என்று சொல்வது கடினம். கொடுத்தவர் குற்றவாளி ஆகிறார். மூளையாக இருந்தவர் கம்போடியாவிலோ மியான்மரிலோ இருக்கிறார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரிடமாவது இப்படிக் கேட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

மறுபக்கமும் கொடுமைதான். மோசடிப் பணத்தில் நூறு ரூபாய் யுபிஐ வழியாக ஒரு பெட்டிக்கடைக்கு வந்திருந்தால் ஏதோ ஒரு மாநிலத்துப் போலீஸ் அந்தக் கடைக்காரரின் மொத்தக் கணக்கையும் முடக்கிவிடுகிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. எந்தத் தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தையே பறிப்பதாகும் என்றது. இந்தோனேசியாவில் நிறுவனம் வாங்கியதாகச் சொல்லப்படும் பணத்தைத் தேடிப்போக பதினைந்து ஆண்டு எடுத்த அரசு, பெட்டிக்கடைக் கணக்கைப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்துகிறது. இந்தத் தலைகீழ் வேகத்தை மாற்றாமல் எந்த மதிப்பெண்ணும் நமக்குப் பெருமை தராது.

சின்னத் தொகை, பெரிய ரத்தம்

பயங்கரவாத நிதி வேறு வகை. ஊழல் பணத்துக்கு ஒளிய இடம் வேண்டும். பயங்கரவாதத்துக்குச் செலவுக்குப் பணம் இருந்தால் போதும், அதுவும் கொஞ்சம். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோயில் முன் கார் வெடித்தது. அதற்கான செலவுக்குப் போலி கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் விற்ற பணமும் போனது என்பது தேசியப் புலனாய்வு முகமையின் (என்ஐஏ) குற்றச்சாட்டு. எந்த வங்கி மென்பொருள் அதைப் பிடித்திருக்கும்? சுகாதாரத் துறையில் ஒரு போலிச் சான்றிதழைச் சந்தேகப்படும் ஊழியர் பிடித்திருக்கலாம்.

விடுதலைப் புலிகளின் பெயரிலும் இரண்டு வழக்குகள். 2021 மார்ச்சில் அரபிக்கடலில் பிடிபட்ட இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் 5 ஏகே-47 துப்பாக்கிகளும் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை விமான நிலையத்தில் ஓர் இலங்கைப் பெண் கைதானார். இறந்துபோன ஒருவரின் பெயரில் மும்பை வங்கிக் கிளையில் பல கோடியோடு தூங்கிக்கிடந்த கணக்கைப் போலி ஆவணம் காட்டி எடுக்க முயன்றார்கள், அந்த இயக்கத்துக்கு மீண்டும் உயிரூட்ட என்கிறது என்ஐஏ. உரிமை கோராத கணக்குகளை வாரிசுகளிடம் விரைந்து சேர்ப்பது வாடிக்கையாளர் சேவை மட்டுமில்லை, பாதுகாப்பு நடவடிக்கையும்கூட என்று வங்கிகள் இனியாவது உணர வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊருக்குப் பணம் அனுப்ப, 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐயும் அந்நாட்டின் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் இணைந்திருக்கின்றன. நொடியில், குறைந்த செலவில் பணம் வந்துவிடும்போது ஹவாலாக்காரரிடம் யார் போவார்கள்? வளைகுடா நாடுகளுக்கும் இதே வழி முழுமையாகத் திறந்தால், ஆயிரம் சோதனைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

மீண்டும் மரக்காணத்துக்கு வருவோம். 2023 மே மாதம் அதை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 14 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் சாராயம் விற்ற காசும் யாரோ ஒருவர் கையில் சேர்ந்த பணம்தான். அது எங்கே போனது, எந்த நிலமானது என்று கடைசிவரை பின்தொடர்ந்திருந்தால் அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட கள்ளச்சாராயச் சாவு நடந்திருக்குமா? குடித்தவர் செத்தார், விற்றவர் கைதானார், பணத்தை மட்டும் யாரும் பின்தொடர்வதில்லை.

என் கோரிக்கைகள் நேரடியானவை. கனிமத் திருட்டைப் பிஎம்எல்ஏ அட்டவணையில் சேருங்கள். அதோடு, கைது செய்யும் அதிகாரத்துக்கும் கடிவாளம் போடுங்கள். நடைச்சீட்டைப் பொதுமக்கள் செல்போனில் சரிபார்க்கும்படி வையுங்கள். லாரி எண்ணைப் போட்டால் எத்தனை நடை போனது என்று ஊராட்சித் தலைவருக்கும் தெரியட்டும். அள்ளிய அளவை அரசே ஆண்டுதோறும் ட்ரோன் விட்டு அளந்து ஊர் கிராம சபையில் வாசிக்கட்டும். சாட்சி சொல்லும் சிறிய ஊழியரைக் காப்பாற்றுங்கள். மாவட்டக் குற்றப்பிரிவில் பணத்தின் தடம் படிக்கத் தெரிந்த இரண்டு பேரையாவது நிரந்தரமாக வையுங்கள். மூல வழக்கையும் பணப் பரிமாற்ற வழக்கையும் ஒரே சிறப்பு நீதிமன்றம் காலக்கெடு வைத்து முடிக்கட்டும்.

2027இல் இந்தியா பாரிஸுக்கு முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். முடிந்த வழக்குகளின் எண்ணிக்கையும் அதில் பார்க்கப்படும். பூத்துறை வழக்கின் தீர்ப்பு, எந்தப் பக்கம் போனாலும், அதற்குள் வந்துவிட வேண்டும்.